சோடி எண்ணுதல்

நள்ளிரவுக்குப் பிறகு டேட்டா மலிவு.
மாங்குளத்துக் கோபுரம் இரண்டு கோடாவது காட்டும்.
அந்த நேரம் பார்த்து
ஆறு இலட்சம் விண்மீன் மண்டலங்களை இறக்குகிறேன்.
ஒவ்வொன்றும் மூன்றே எண்:
இரண்டு கோணம், ஒரு தூரம்.
படம் இல்லை. நிறம் இல்லை.
வானத்தை ஆராய்கிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள்,
நான் வெளியே போய் அண்ணாந்து பார்த்து
மாதக்கணக்காகிறது.

வேலை இதுதான்.
ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு தூரம்?
அதிலிருந்து இன்னொன்றுக்கு?
ஆறு இலட்சத்துக்குள்
பதினெட்டாயிரம் கோடி சோடி.
பிறகு ஒரு பொய் வானம் செய்ய வேண்டும்:
அதே கரை, அதே ஆழம்,
உள்ளே கண்ணை மூடிக்கொண்டு
விசிறிய விதைநெல் போலப் புள்ளிகள்.
அங்கேயும் சோடி எண்ணு.
மெய்யைப் பொய்யால் வகு.
ஒன்றைக் கழி.
மிஞ்சுவதுதான்
அவை ஒன்றையொன்று விடாமல் நிற்கிற அளவு.

மச்சாள் பவளராணி நாலரைக்கு எழும்புவாள்.
ஐந்தேகாலுக்குக்
கண்ணிவெடி எடுக்கிற கொம்பனியின் வாகனம் வரும்.
ரொட்டியைத் தாளில் சுற்றியபடி
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள்.

"உதென்ன, இறங்கி வந்த கோட்டிலை ஒரு மேடு?"

ஐம்பது கோடி ஒளியாண்டு, என்கிறேன்.
அந்தத் தூரத்தில் மட்டும்
சோடிகள் கொஞ்சம் கூட.
எல்லாமே கொதிகூழாய்க் கிடந்த காலத்தில்
ஓடிய ஒரு சத்தம்
ஆறினதும் நின்றுபோன இடம்.

அவள் சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"எங்களிட்டையும் உந்த மேடு இருக்கு.
ஒண்டு எடுத்தால் அடுத்தது இத்தினை அடியிலை.
வைச்சவன் காலடி எண்ணி வைச்சவன்.
அவன்ரை எட்டு எவ்வளவெண்டு எனக்குத் தெரியும்.
ஆளைத் தெரியாது."

அந்த அடியில் இல்லாவிட்டால்?

"அதுதான் பயம்.
மழை இழுத்திருக்கும். பண்டி கிளறியிருக்கும்.
இல்லை எண்டு எழுத மாட்டம்,
தேடி முடியேல்லை எண்டுதான் எழுதுவம்."

போன மாதம் எனக்கொரு பெரும் வெறுமை கிடைத்தது.
ஒரு மண்டலமும் இல்லாத பெருவெளி.
இரண்டு நாள் நித்திரை இல்லாத சந்தோசம்.
வவுனியாவிலிருந்து துஷ்யந்தன் ஒரே வரி அனுப்பினான்:
துளைகளைப் பார்த்தாயா?
பக்கத்து நட்சத்திரமொன்றின் கூச்சத்தில்
தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.
பொய் வானத்திலும் அதே வடிவில்
நான் ஓட்டை வெட்டியிருக்க வேண்டும்.
வெட்டவில்லை.
பார்க்காத இடமும் ஒன்றுமில்லாத இடமும்
திரையில் ஒரே கறுப்பு.

கிராமசேவகரின் படிவத்தில்
அண்ணையின் பெயருக்கு நேரே ஒரு கட்டம் இருக்கிறது.
மூன்று சேவகர்கள் மாறிவிட்டார்கள்.
மச்சாள் அதில்
ஒருவரையும் பேனை வைக்க விடவில்லை.

கோர்ன் சத்தம்.
முகக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சப்பாத்து நாடா கட்டாமலே ஓடுகிறாள்.
மேசையில் ஒரு ரொட்டி, சம்பல் தொட்டபடி.
விசைப்பலகையில் மா.

இனிப் பிழை அளக்க வேண்டும்.
வானத்தை நூறு துண்டாக வெட்டி
முதலாவதை விட்டுவிட்டு மீதியை எண்ணுவது,
அதைத் திரும்ப வைத்து
இரண்டாவதை விட்டுவிட்டு எண்ணுவது.
ஒன்று இல்லாதபோது
மற்றதெல்லாம் எவ்வளவு மாறுகிறது என்று
நூறு முறை கேட்பது.

இன்றைக்கு
இருபத்து மூன்றாம் துண்டு.